எஸ்தர் டீச்சர் பட்டணத்திலிருந்து கொண்டுவந்த பனி

கார்டு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன். முப்பது குழந்தைகளுக்கு இரண்டே கத்தரிக்கோல். அதில் ஒன்று எப்போதும் யாராவது ஒருத்தியின் பாவாடை மடிப்பில் ஒளிந்திருக்கும். தபால்காரர் ஜன்னல் வழியாகவே கையை நீட்டினார். பூந்தமல்லியிலிருந்து எஸ்தர் டீச்சரின் அண்ணன் எழுதியிருந்தார். ஒன்பது நாள் காய்ச்சல். ஞாயிறு விடியற்காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அன்று மாலையே அடக்கம் ஆகிவிட்டது. சொல்லி அனுப்ப நேரமில்லை, மன்னிக்கவும். அவ்வளவுதான். மீதி ஏதாவது இருக்குமென்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். என் விலாசம்தான் இருந்தது.

எஸ்தர் அக்காவை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். அவரைப் பற்றி இழுத்து இழுத்து, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுத என்னால் முடியாது. அப்படி எழுதினால் அவரே எழுந்துவந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொள்வார். மெதுவாக நடக்கத் தெரியாத மனுஷி. திருநின்றவூர் ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரைப் பள்ளிக்கூடம் வரை நாங்கள் நடந்தால் ஒரு தூரம். அவர் நடந்தால் பாதி தூரம். "கமலா, வா வா வா" என்று மூன்று தடவை சொல்லாமல் என்னை எங்கும் கூப்பிட்டதில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவர், எனக்கு முன்னால் வேலைக்கு வந்தவர். ஆனாலும் அந்த நாளில் அவர் வேலை தற்காலிகமாகவே இருந்தது, என்னுடையது நிரந்தரமாகிவிட்டது. ஏன் அப்படி என்று சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும்.

இந்த உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தில் 'குளிர்காலம்' என்று ஒரு பாடம் உண்டு. மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும், வெள்ளைப் பனி பஞ்சுபோல் கொட்டும், சிறுவர்கள் கம்பளிச் சட்டை அணிந்து பனியால் பொம்மை செய்து விளையாடுவார்கள். பக்கத்தில் படம் வேறு. தொப்பி வைத்த ஒரு குண்டுப் பொம்மை. எஸ்தர் அக்கா, எல்லோரும் செய்வதைப்போல, அதிலிருந்து ஐந்து வரி எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ண வைத்திருந்தார். மார்கழியில் இன்ஸ்பெக்ட்ரெஸ் அம்மாள் வந்தார். முப்பது சிலேட்டிலும் அதே ஐந்து வரி. அவர் ஒரு பெண்ணைப் பார்த்து, "உன் கம்பளிச் சட்டை என்ன நிறம்?" என்று கேட்டார். அந்தப் பெண் தன் கிழிந்த பாவாடையைப் பார்த்தாள், எஸ்தர் அக்காவைப் பார்த்தாள், "அது அஞ்சு வரிக்குள்ள இல்லீங்கம்மா" என்றாள். நான் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டுச் சிரித்துவிட்டேன். இன்ஸ்பெக்ட்ரெஸ் அம்மாள் சிரிக்கவில்லை. 'குழந்தைகள் எழுதவில்லை, ஒப்பிக்கிறார்கள். அடுத்த வருஷமும் இப்படியே இருந்தால் இந்த ஆசிரியை வேண்டியதில்லை' என்று குறிப்பெழுதிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "வேலை போச்சுன்னா அண்ணன் ஊட்டு அடுப்படிதான் கமலா. அண்ணி நல்லவங்கதான். ஆனா அந்த அடுப்புக்கு முன்னாடி குந்திக்கினே நான் செத்துப்போவேன்." சொல்லிவிட்டு உடனே எழுந்து, "சரி, வா வா வா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். அவர் கவலைப்படுகிற நேரம் அவ்வளவுதான்.

அடுத்த கார்த்திகையில் அவருக்கு ஒரு ஆவேசம் வந்தது. புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கை தொடாததை வாய் சொல்லலாம், சிலேட்டு சொல்லக் கூடாது" என்று வகுப்பில் சட்டம் போட்டார். மறுநாள் காலையில் குழந்தைகளை மணி அடிப்பதற்கு வெகுமுன்னே வரச் சொல்லி, பள்ளிக்குப் பின்னால் இருந்த வாழைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு இலையிலும் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆளுக்கு ஓர் இலை. விரலால் ஒரு வார்த்தை எழுத வேண்டும், இன்று காலை கண்ணில் பட்டதைப் பற்றி. கிழக்கே வெளுக்க வெளுக்க எழுத்து வழிந்து ஓடிவிடும். "வெயில் வர்றதுக்குள்ள எழுதுங்கடி! வெயில் வர்றதுக்குள்ள!" என்று வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! குழந்தைகளும் கத்திக்கொண்டே எழுதின. கொக்கு, புகை, தாத்தா இருமல், தோசை. எழுதத் தெரியாத பெண்கள்கூட எழுதினார்கள். அழிந்துவிடும் என்று தெரிந்தால் தப்புக்கு யார் பயப்படுவார்கள்?

பிறகு கைவேலை. தென்னை ஈர்க்கை வளையமாகக் கட்டி, வேலியில் பனித்துளி கோத்து நிற்கும் சிலந்தி வலையை அறுந்துவிடாமல் அதில் ஏந்த வேண்டும். நான்கு நாளில் மூன்றாம் வகுப்பு ஜன்னல் முழுவதும் வளையங்கள் தொங்கின. பத்தில் ஒன்பது அறுந்தவைதான். அறுந்ததற்கும் ஒரு வரி எழுத வேண்டும்: எப்படி அறுந்தது, யார் தும்மினாள். என் வகுப்புப் பிள்ளைகள் என் பாடத்தைக் கவனிக்காமல் பக்கத்து அறையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு ஒரே எரிச்சல். பொறாமை என்றே சொல்லலாம்.

புத்தகத்துப் பொம்மையையும் அவர் விடவில்லை. இலவங்காய்களை உடைத்து, பஞ்சைக் களிமண் உருண்டைகள்மேல் அப்பி, மூலையில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை மனிதனைச் செய்தார்கள். கண்ணுக்குக் குன்றிமணி. மூக்குக்குக் காய்ந்த மிளகாய். தொப்பிக்குப் பதில் முண்டாசு. அக்காவுக்கு ஒரே பூரிப்பு. அப்போதுதான் குப்பு வாயைத் திறந்தாள். குப்பம்மாள் ஏரியில் மீன் பிடிக்கிறவர் மகள், எட்டு வயது, பயம் என்பதே கிடையாது. பொம்மையின் வயிற்றில் கை வைத்தாள்.

"டீச்சர், இது இன்னா டீச்சர்? கதகதன்னு கீது. பனின்னா சில்லுன்னு இல்ல இருக்கணும்?"

"இது சும்மா பொம்மைடி குப்பு."

"அப்ப நான் இன்னான்னு எழுதறது? கை தொட்டதைத்தான் எழுதணும்னீங்க. பனி கதகதன்னு கீதுன்னு எழுதட்டா?"

நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். எஸ்தர் அக்கா அவளை அப்படியே தூக்கிக்கொண்டு என் வகுப்புக்கு ஓடிவந்தார். "கமலா! இவ சொல்றது நியாயம்! நாம மறுபடியும் பொய் எழுத வைக்கப் பாத்தோம்!" என்று கத்தினார். அவர் போட்ட சட்டத்தில் அவரே மாட்டிக்கொண்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்! அன்றைக்கே முடிவாகிவிட்டது. பட்டணத்தில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஐஸ்கட்டி விற்கிறார்கள். இன்ஸ்பெக்ட்ரெஸ் அம்மாள் வருவது வியாழக்கிழமை. புதன்கிழமை காலை முதல் ரயிலில் போய் ஐஸ் வாங்கி வந்து, பிள்ளைகள் தொட்டுப் பார்த்து எழுதிவிட வேண்டும்.

ரயிலில் வருவதற்குள் கரைந்துவிடாதா என்று கேட்டார் அக்கா. இங்கேதான் நான் வருகிறேன். என் வீட்டில் வருஷம் முழுவதும் மாங்காய் இருக்கும், நார்த்தங்காய் இருக்கும், கருவாடு இருக்கும். எதுவும் கெட்டதில்லை. "உப்பு போடுங்கக்கா. அடுக்கடுக்கா உப்பு போட்டா எதுவும் அழியாது" என்றேன். அக்காவுக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு சட்டி நிறையக் கல் உப்பை எடுத்து, அக்காவிடம் சேர்க்கச் சொல்லி குப்புவிடம் கொடுத்தனுப்பினேன். "ஐஸுக்குப் போய் உப்பா?" என்றாள் அவள். "கருவாட்டுக்குப் போட்டா கெடுதா? இதுவும் அப்படித்தான்டி, போ" என்றேன். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்ட்ரெஸ் அம்மாள் வந்து இறங்கினார். ஒருநாள் முன்னதாக! எங்கள் தலைமையாசிரியை பெரிய டீச்சரம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மூன்றாம் வகுப்பில் ஆசிரியை இல்லை. மூலையில் முண்டாசு கட்டிய பஞ்சு மனிதன், ஜன்னலில் அறுந்த சிலந்தி வலைகள், முப்பது பெண்கள். "இந்த ஆசிரியை எங்கே?" என்றார் அம்மாள். நான்தான் முன்னால் போய், "பட்டணத்துக்குப் பனி வாங்கப் போயிருக்காங்கம்மா" என்றேன். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். குப்புவை எழுப்பி, "குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லு" என்றார்.

"எந்தக் குளிர்காலம்மா? எங்க ஊருதா, புஸ்தகத்துதா?"

"புத்தகத்தில் இருப்பது."

"அது இன்னும் தொட்டுப் பாக்கலம்மா. டீச்சர் எடுத்துக்கினு வராங்க. வந்ததும் எழுதறோம். எங்க ஊருதுன்னா இப்பவே சொல்றேன்."

"சொல்லு."

குப்பு சொன்னாள். விடியற்காலையில் ஏரியின் மேல் புகை நிற்பது, தோணி கண்ணுக்குத் தெரியாமல் அவள் அப்பாவின் இருமல் மட்டும் கரைக்கு வருவது, எந்தப் பக்கம் இருமல் கேட்கிறதோ அந்தப் பக்கம் அவள் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவது. அம்மாளின் பென்சில் காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. ஆனால் எழுதவில்லை. மணியைப் பார்த்தார். பதினொன்று அடித்தது. பதினொன்றரை. ரயில் தாமதம். பன்னிரண்டுக்கு அவர் எழுந்துகொண்டார். பெரிய டீச்சரம்மாவின் கண்ணில் தண்ணீர். எனக்கு எஸ்தர் அக்காவின் அண்ணன் வீட்டு அடுப்பு கண்ணில் தெரிந்தது.

"வண்டி! வண்டி!" என்று ஜன்னலோரம் இருந்த பெண்கள் அலறினார்கள். ஸ்டேஷன் மாட்டு வண்டி வாசலுக்கு வந்து நிற்பதற்குள் எஸ்தர் அக்கா குதித்துவிட்டார். இடுப்புக்குக் கீழே புடவை முழுவதும் நனைந்து, தலையெல்லாம் ஐஸ் கடை உமி. சாக்கைச் சுற்றிய மண்ணெண்ணெய் டின்னை வண்டிக்காரரும் அவருமாகத் தூக்கி வந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரெஸ் அம்மாளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். மற்றவர்களாக இருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். "வந்துட்டீங்களாம்மா? நல்லதாப் போச்சு, நீங்களும் தொட்டுப் பாருங்க" என்றார்!

மூடியைத் திறந்தார். பாதிக்குமேல் தண்ணீர். அதில் சின்னச் சின்னத் துண்டுகளாக ஐஸ் மிதந்தது. அக்கா விரலை விட்டார், நாக்கில் வைத்தார், முகம் சுருங்கியது. "கடைக்காரர் அப்பவே சிரிச்சாரு. 'இன்னாம்மா, ஐஸுக்கு ஊறுகாய் போடறியா'ன்னு" என்றார் மெல்ல. அம்மாள் குனிந்து பார்த்தார்.

"இதில் உப்பைப் போட்டது யார்? உப்பு போட்டால் சீக்கிரம் கரையும் என்றுகூடத் தெரியாதா? குழந்தைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?"

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. குப்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் திறக்கவில்லை.

"நான்தாம்மா போட்டேன்" என்றார் எஸ்தர் அக்கா.

அம்மாள் பையை எடுத்துக்கொண்டார். அக்கா குனிந்து, ஒன்றும் நடக்காததுபோல, டின்னைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரிக்கத் தொடங்கினார். "இருக்கறதையாவது தொட்டுப் பாக்கட்டும் பசங்க" என்றார். சாக்கு வரவில்லை. டின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். சரசரவென்று உரிந்து வந்தது. நனைந்த தகரம் எங்கள் கண்ணெதிரே மங்கியது, சாம்பல் பூத்தது, பிறகு அடியிலிருந்து மேலே மேலே வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்தமாதிரி, பொடிப் பொடியாக ஏறியது!

"டீச்சர்! டின்னு மேல பனி பூக்குது!" என்று குப்பு போட்ட கூச்சலில் என் வகுப்பு முழுவதும் எழுந்து ஓடிவந்துவிட்டது.

அடேயப்பா, அந்த அரைமணி நேரம்! நகத்தால் சுரண்டினால் உள்ளங்கையில் வெள்ளைத் தூள். ஊதினால் தண்ணீர். கை வைத்தால் விரல் தகரத்தில் ஒட்டி, இழுத்தால் 'சுர்' என்றது. நானும் சுரண்டினேன். பெரிய டீச்சரம்மா சுரண்டினார். சுரண்டச் சுரண்ட மறுபடி பூத்தது. இன்ஸ்பெக்ட்ரெஸ் அம்மாள் பையைக் கீழே வைத்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், ஒரு விரலால் தொட்டார். சீமையில் படித்த காலத்தில் அவர் அறை ஜன்னலில் காலையில் இப்படித்தான் இருக்குமாம். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறாராம். அவர் குரல் மாறிவிட்டிருந்தது.

அக்காவுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. "சிலேட்டு எடுங்கடி! கரையறதுக்குள்ள! ஓடு, ஓடு!" என்றார். பலப்பங்கள் கீச்சிட்டன. முப்பது சிலேட்டு, முப்பது விதம். 'பனி கடிக்கிறது, அதற்குப் பல் இல்லை.' 'என் விரல் கொஞ்ச நேரம் என்னுடையதாக இல்லை.' 'நான் இதை என் தம்பிக்குக் கொண்டுபோனால் வழியில் தண்ணீராகிவிடும், அதனால் சொல்லத்தான் முடியும்.' குப்பு எழுதியது இரண்டே வார்த்தை: 'பனி சுடுது.' அம்மாள் ஒவ்வொரு சிலேட்டாகக் கையில் வாங்கிப் படித்தார். குப்புவுடையதை இரண்டு தடவை படித்தார்.

கடைசியில் அக்காவிடம் வந்தார். "உப்பும் ஐஸும் சேர்ந்தால்தான் இந்தக் குளிர் வரும். வெறும் ஐஸ் கொண்டுவந்திருந்தால் தகரத்தில் தண்ணீர்தான் கோத்திருக்கும். நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு இன்னாம்மா தெரியும்? கமலா டீச்சர்தான் உப்பு போடுங்கன்னு சொல்லிக் குடுத்தனுப்புனாங்க" என்றார்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். வெட்கக்கேடு, நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் தெரிந்தவள்போலத் தலையை ஆட்டினேன்.

அக்காவின் வேலை அந்தத் தையிலேயே நிரந்தரமானது. அவர் அன்று ஸ்டேஷனுக்கு நடக்கவே இல்லை, ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். அதில் எனக்குக் கலப்படமில்லாத சந்தோஷம். ஆனால் அம்மாள் எழுதிவிட்டுப் போன புதுக் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது: 'உதவி ஆசிரியை கமலாவின் விஞ்ஞான அறிவு பாராட்டத்தக்கது.' பெரிய டீச்சரம்மா ஓய்வு பெற்றபோது அந்த ஒரு வரிதான் பேசியது. மூத்தவர் இருக்க, நாற்காலி எனக்கு வந்தது. எனக்குக் காகிதப் பூமாலை கட்டிக்கொண்டு வந்து போட்டவர் எஸ்தர் அக்காதான். இரண்டு தடவை அவரிடம் பேச வாயெடுத்தேன். இரண்டு தடவையும் "அட, வா வா வா, மணி அடிச்சாச்சு" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் இன்றைக்கும் நான் சயன்ஸ் தெரிந்த டீச்சர். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கார்டு வந்த மறுநாள் குப்பு வந்தாள். அயனம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், இடுப்பில் குழந்தை. செய்தி கேட்டு அழுதுகொண்டே நடந்து வந்திருக்கிறாள். அந்த டின் இன்னும் மூன்றாம் வகுப்பு மூலையில்தான் இருக்கிறது, துருப்பிடித்து. அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "குப்பு, அன்னிக்கு உப்பு போடச் சொன்னது நான். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது. கருவாடுன்னு நெனச்சுப் போட்டது. இன்ஸ்பெக்ட்ரெஸ் அம்மா திட்டினப்ப வாயைத் திறக்கல, மெச்சினப்ப தலையாட்டினேன்" என்றேன்.

குப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் டீச்சர். சட்டிய எடுத்துக்கினு போனதே நான்தானே? எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லாத்துக்கும் தெரியும். அன்னிக்கே நான் எஸ்தர் டீச்சராண்ட கத்தினேன், நீங்க கருவாட்டுக்குப் போடற மாதிரிதானே சொன்னீங்க, அதை ஏன் சொல்லலன்னு. எஸ்தர் டீச்சர்தான், 'கமலா டீச்சரே ஒருநாள் சொல்லுவாங்க, அதுவரைக்கும் நீங்க யாரும் சொல்லக் கூடாது'ன்னாங்க. நாங்க சத்தியம் பண்ணிக் குடுத்தோம்."

எட்டு வருஷம். முப்பது குழந்தைகள் வாயை மூடிக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். எஸ்தர் அக்காவும் காத்திருந்திருக்கிறார், என்னோடு தினமும் ஒரே பாதையில் நடந்துகொண்டு, ஒருநாளும் கேட்காமல்.

இப்போது காகிதத் தட்டுப்பாடு. பிள்ளைகளுக்கு நோட்டுக் கிடைப்பதில்லை. மார்கழிக் காலையில் நானும் அவர்களை வாழைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன், "வெயில் வர்றதுக்குள்ள எழுதுங்கடி" என்று கத்துகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வார்த்தைதான். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா, ஒன்றும் தெரியாமல் உப்பு போடச் சொன்னது நான்தான். எழுதிவிட்டேன். வெயில் வந்தபிறகுதான் எழுதினேன்.